பின்னால் நிறுத்தினால் ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஃபுட்பால் டீமில் இருக்கிறாள். ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவளை பி.டி. சார் இப்போது ஸ்டாப்பர் பேக்காக மாற்றிவிட்டார். “என்னைக் கோல் போடவே விடமாட்டேங்கிறாங்கம்மா” என்று தினமும் அழுகிறாள். ஜெர்மனி பெண்கள் ஆடிய ஆட்டங்களைப் போனில் விடாமல் பார்க்கிறாள். நாங்கள் கயிறு திரிக்கும் தொழில் செய்கிறோம். பின்னால் நின்று தடுக்கிறவளுக்குப் பேர் கிடைக்குமா, வேலை கிடைக்குமா? முழங்காலில் அடிபட்டால் கல்யாணத்துக்குச் சிக்கல் என்று நாத்தனார் வேறு பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி, சிங்கம்புணரி

பதில்: அம்மா, அந்த பி.டி. சார் உங்கள் மகளை நம்புகிறார். ஃபார்வர்டு தவறவிட்டால் ஒரு வாய்ப்புதான் போகும். ஸ்டாப்பர் தவறவிட்டால் கோல் விழும். அதனால்தான் பதற்றப்படாத பிள்ளையாகப் பார்த்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு நேரில் போங்கள். பந்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் மகளை மட்டும் பாருங்கள். எதிரணிப் பெண் பந்தோடு ஓடி வரும்போது அவசரப்பட்டுக் காலை நீட்டுகிறாளா, அல்லது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பின்னுக்கு நகர்ந்தபடியே அவளைக் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு போகிறாளா என்று கவனியுங்கள். இரண்டாவதைச் செய்தால் அவளுக்கு வேலை தெரிகிறது. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதும் தலையைத் திருப்பித் திருப்பித் தன் முதுகுப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறாள் என்றால், அவளை யாரும் அந்த இடத்திலிருந்து மாற்றக் கூடாது என்பேன்.

பேர் கிடைக்குமா என்றீர்கள். உங்கள் ஊரில் பஸ் ஏறினால் மேலூரைத் தாண்டி மதுரை. சேது எஃப்.சி. அந்த மதுரையின் அணி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை நம் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்த அணியின் பின்வரிசையில் ஆடியவர் லோய்தாங்பம் ஆஷாலதா தேவி. 1993-இல் இம்பாலில் பிறந்தவர். கோப்பை வென்ற அதே 2019-இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் சிறந்த வீராங்கனை விருதை இவருக்குத்தான் கொடுத்தது. விருது எப்போதும் கோல் அடிக்கிறவர்களுக்கே போகும் என்று நினைக்கிற உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

இந்தியாவுக்குப் பல ஆண்டுகள் கேப்டனாகவும் இருந்தார். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஈரானுக்கு ஒரு கோல்கூட விடாமல் 0-0 என்று டிரா செய்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா பரவி, களமிறக்க ஆள் போதாமல் போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று. சொந்த மண்ணில் நடந்த கோப்பை அப்படிப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆஷாலதா ஆட்டத்தை விடவில்லை. 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக இறங்கியபோது, 100 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

முழங்கால் பற்றி நாத்தனார் சொல்வதைப் பொய் என்று ஒதுக்க மாட்டேன். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் நேர்கிறது. உங்கள் மகளுக்கு ஜெர்மனிதான் பிடிக்கும் என்பதால் நியா க்யுன்ஸரைப் பற்றிச் சொல்கிறேன். பெற்றோர் போட்ஸ்வானாவில் சேவைப் பணியில் இருந்தபோது 1980-இல் அங்கே பிறந்தவர். ஃபிராங்க்ஃபர்ட் அணியின் பின்வரிசைக்காரர். இவருக்கு அந்தத் தசைநார் நான்கு முறை அறுந்தது. அதனாலேயே நாட்டுக்காக 34 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. ஆனால் அதில் ஒன்று, 2003 அக்டோபர் 12 அன்று ஸ்வீடனுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம். 1-1 என்று இருந்தபோது 88-ஆவது நிமிடத்தில் மாற்று ஆளாக இறங்கினார். கூடுதல் நேரத்தில், 98-ஆவது நிமிடத்தில், ஃப்ரீ கிக்கில் வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். முதல் கோலோடு ஆட்டம் முடியும் ‘தங்க கோல்’ விதி அப்போது இருந்ததால், கோப்பை அந்த நொடியே ஜெர்மனிக்கு வந்தது. 1955 முதல் 1970 வரை பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று கிளப்புகளுக்குத் தடை போட்டு வைத்திருந்த ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தில், 2024 முதல் மகளிர் கால்பந்தின் இயக்குநராக இருப்பவரும் இதே க்யுன்ஸர்தான்.

உங்கள் மகளுக்கு அந்த நான்கு காயங்கள் வேண்டாம். ‘ஃபிஃபா 11 ப்ளஸ்’ என்றொரு பயிற்சித் தொகுப்பு உண்டு. பயிற்சிக்கு முன் 20 நிமிடம் போதும். சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, அது உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழகுவதும், தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள மண்டியிட்டபடி மெல்ல முன்னால் சாய்வதும் அதில் முக்கியம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று நார்வேயில் பெண் பிள்ளைகளை வைத்தே ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். மீறியும் ஒருநாள் ‘டப்’பென்று சத்தம் கேட்டு முழங்கால் வீங்கினால், எண்ணெய் போட்டு நீவிவிடக் கூட்டிப் போகாதீர்கள். ஐஸ் வைத்து, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை விஷயத்தில் வாக்குறுதி தர யாராலும் முடியாது, வழி இருக்கிறது என்று சொல்லலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுவரிசையில் ஆடிக்கொண்டே தமிழகக் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டரானார். தேசிய சாம்பியன்ஷிப்பை 2018-இலும் 2023-இலும் வென்றதும் நம் தமிழகப் பெண்கள்தான்.

அதனால் படிப்பை நிறுத்தாதீர்கள், ஆட்டத்தையும் நிறுத்தாதீர்கள். முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஒன்பதாம் வகுப்புக்கும் ஆள் எடுக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் அரசு செலவு. தேர்வு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். சிவகங்கையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இப்போதே தேதி விசாரித்து, ஆதார், பிறப்புச் சான்று, பள்ளியில் வாங்கும் படிப்புச் சான்று மூன்றையும் நகல் எடுத்துத் தயாராக வையுங்கள். விண்ணப்பத்தில் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று கேட்டால், தயங்காமல் டிஃபென்டர் என்று எழுதுங்கள்.