ஆராய்ச்சிக் களஞ்சியத்தில் தேடுமாறு

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணாக்கர் பலர், "இப்பொருளை இதுகாறும் எவரும் ஆராய்ந்திலர்" எனத் தம் முன்னுரையில் எழுதக் காண்கின்றோம். இவ்வாக்கியத்தை எழுதுதல் எளிது. இதனை மெய்யென நிலைநாட்டுதல் அரிது. ஒருவர் பல்லாண்டு உழைத்து எழுதிய கட்டுரை எங்கோ ஒரு மூலையிற் கிடக்க, நாம் அதனைக் காணாது 'இல்லை' என்போமாயின், அவருடைய உழைப்பை மறைத்தவராவோம்; நம் சொல்லின் வாய்மைக்கும் இழுக்குத் தேடியவராவோம். ஆதலின், இக்காலத்து இணையத்தில் விளங்கும் ஆராய்ச்சிக் களஞ்சியங்களில் தேடும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். அத்தகைய களஞ்சியங்கள் பலவுளவேனும், கலைத்துறை மாணாக்கர் பெரிதும் பயன்கொள்ளும் ஜேஸ்டோர் என்பதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

அமெரிக்கக் கல்லூரி நூல்நிலையங்களில் பழைய இதழ்த் தொகுதிகள் ஆண்டுதோறும் பெருகி, அவற்றை வைத்தற்கு அலமாரியிடம் போதாதாயிற்று. இக்குறையை நீக்கக் கருதி, மெல்லன் அறநிலையத்தின் தலைவராயிருந்த வில்லியம் போவன் என்பார் வகுத்த ஏற்பாடே ஜேஸ்டோர். பொருளியலும் வரலாறும் ஆகிய இரு துறைகளைச் சார்ந்த பத்து இதழ்களோடு தொடங்கிய இது, 1995-ஆம் ஆண்டில் தனி நிறுவனமாயிற்று. இன்று இதன்கண் உள்ள கட்டுரை, நூல் முதலியன ஒரு கோடிக்கும் மேற்பட்டனவாம். பழைய இதழ்களின் பக்கங்கள் படங்களாக வைக்கப்பட்டுள்ளன. அப்படங்களினின்று பொறி வாசித்தெடுத்த எழுத்துகளோடு நாம் இடும் எழுத்துகள் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. எனவே, இத்தேடலிற் பெரிதும் ஆள்வது எழுத்தே என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, ஒரு பொருளை எடுத்துக்கொள்வாம். சோழர் காலத்து நீர்ப்பாசனத்தைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைத் தேடுகின்றோம் என்க. தேடற்பெட்டியில் 'சோழா', 'இர்ரிகேஷன்' என்னும் இரு சொற்களை ஆங்கில எழுத்தில் இட்டால், இரண்டும் உடைய கட்டுரைகள் வரும். இவ்வளவோடு நின்றுவிடுவாரே பலர். ஆயின், சோழர் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார் எல்லாரும் ஒருபடித்தாக எழுதுவதில்லை. 'சி', 'எச்' என்னும் ஈரெழுத்தால் தொடங்குவாரும் உளர். 'சி' ஒன்றினாலேயே தொடங்குவாரும் உளர். ழகரத்தை 'எல்' என ஒரெழுத்தால் எழுதுவாரும், 'இசட்', 'எச்' என ஈரெழுத்தால் எழுதுவாரும் உளர். சென்னைப் பல்கலைக்கழகம் 1935-இல் வெளியிட்ட நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு, 'எச்' இன்றி 'சி' என்னும் எழுத்தாலேயே அப்பெயரைத் தலைப்பிற் கொண்டது. ஒரு வடிவத்தை மட்டும் தேடுவார்க்கு மற்ற வடிவங்களால் எழுதியோர் அனைவரும் மறைந்தே போவர். சங்கம், திருக்குறள், ஆழ்வார் முதலிய சொற்களுக்கும் இஃது ஒக்கும். பிறமொழி இலக்கியம் பயில்வாரினும் தமிழ் பயிலும் நமக்கு இவ்விழப்பு மிகுதி.

இதற்கு மருந்தாவது 'மேம்பட்ட தேடல்' என்னும் பகுதி. அங்கே சொற்களை இணைக்க 'அண்ட்', 'ஆர்', 'நாட்' என்னும் மூன்று இடைச்சொற்கள் உள. சொற்களை இவ்வாறு கூட்டியும் பிரித்தும் எண்ணும் முறை, 1854-ஆம் ஆண்டில் சிந்தனையின் விதிகளைப்பற்றி நூல் வெளியிட்ட ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் பெயரால் வழங்குகின்றது. 'அண்ட்' என்பது இரண்டும் வேண்டும் என்பது, தேடலைச் சுருக்கும். 'ஆர்' என்பது இரண்டில் ஒன்று இருப்பினும் அமையும் என்பது, தேடலை விரிக்கும். 'நாட்' என்பது அச்சொல் உள்ளவற்றை விலக்குவது. நேரே தட்டச்சிடுங்கால் இவற்றை ஆங்கிலப் பேரெழுத்தில் இடுதல் முறை.

சோழர் பெயரின் வடிவங்களையெல்லாம் 'ஆர்' இட்டு ஒரு பிறைக்குறிக்குள் அடைக்க. பாசனத்தைக் குறிக்கும் சொற்களை அவ்வாறே மற்றொரு பிறைக்குறிக்குள் அடைக்க. இவ்விரண்டிற்கும் இடையே 'அண்ட்' இடுக. 'எச்' இல்லாத வடிவம் ஒரு குளிர்பானத்தின் பெயராகவும் இருத்தலின் அப்பானம்பற்றிய கட்டுரைகளும் வருமே எனின், பாசனச்சொல்லும் உடன்வேண்டும் என்றமையின் அவை பெரும்பாலும் தாமே நீங்கும்.

'நாட்' என்பதனைக் கையாளுதற்கண் விழிப்பு வேண்டும். ஏரியைக் குறிக்கும் 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் போர்வண்டியையும் குறிக்கும். அதனை நீக்கக் கருதிப் போரைக் குறிக்கும் 'வார்' என்னும் சொல்லை விலக்குவோமாயின், ஏரிகளை விரிவாக ஆராய்ந்து சோழர் போரை ஒரே வரியிற் சுட்டிய நல்ல கட்டுரையும் உடன் விலகும். களை பறிப்பார் பயிரையும் பறித்தாற்போல்வது அது.

வேறு சில கருவிகளும் உள. இரு சொற்களை மேற்கோட்குறிக்குள் இட்டால் அவை அவ்வரிசையிலேயே தொடர்ந்து வருமிடங்கள் கிடைக்கும். சொல்லின் அடியை எழுதி இறுதியில் உடுக்குறி இட்டால், அவ்வடியிற் பிறந்த பல சொற்களும் வரும். ஓரெழுத்து மட்டும் ஐயமாயின், அவ்விடத்தில் வினாக்குறி இடலாம். 'நியர்' என்பது இரு சொற்கள் ஐந்து, பத்து, இருபத்தைந்து சொற்களின் எல்லைக்குள் அண்மி வருதலைக் காட்டும். நெடிய நூலொன்றில் முதற்பக்கத்திற் சோழரும் இறுதிப்பக்கத்திற் பாசனமும் வருதலால் நேரும் வீண்வரவை இது தடுக்கும்.

ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, ஆண்டு, மொழி என எல்லை வகுத்தும் தேடலாம். சுருக்கவுரையில் மட்டும் தேடுதல் தக்கதன்று. பழைய கட்டுரைகளிற் பெரும்பாலனவற்றிற்குச் சுருக்கவுரை இல்லை. மதிப்புரைகளைத் தள்ளிவிடாது அவற்றையும் தேடுதல் நலம். களஞ்சியத்தில் இல்லாத நூலொன்று உண்டென்பதை மதிப்புரையே நமக்கு அறிவிக்கும்.

இவ்வளவும் செய்தும் களஞ்சியத்திற்கு எல்லை உண்டென்பதை மறத்தலாகாது. பல இதழ்களின் அண்மைய மூன்று முதல் ஐந்து ஆண்டுப் பகுதிகள் அங்கே இடம்பெறுவதில்லை. மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் பெற்ற எழுத்துகளைப் பொறி பிறழ வாசித்தலும் உண்டு. அங்குள்ளவற்றுள் மிகப்பல ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழில் நம் முன்னோர் எழுதிய ஆராய்ச்சிகளை நூல்நிலையத்து அலமாரிகளிலும், பழைய இதழ்த் தொகுதிகளிலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலுமே சென்று காண்டல் வேண்டும்.

ஆகவே, தேடுவார் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. எந்நாளில், எக்களஞ்சியத்தில், எச்சொற்களால், எவ்வெல்லைக்குள் தேடினோம் என்பதை அதில் எழுதுக. பின்னர் முன்னுரை எழுதுங்கால், "எவரும் ஆராய்ந்திலர்" என்னாது, "இச்சொற்களால் இன்ன களஞ்சியத்தில் இந்நாள்காறும் தேடியதிற் கிடைத்திலது" என எழுதுக. முன்னையது, நாம் காணாத இடத்திற்கும் சேர்த்துக் கூறும் துணிபு. பின்னையது, கண்ட அளவிற் கூறும் மெய். பின்வருவார் ஒருவர் நாம் விட்ட வடிவமொன்றை இட்டுத் தேடி, நாம் காணாததைக் காணவும் அக்குறிப்பே வழிகாட்டும். கேட்கும் முறை அறிந்து கேட்பார்க்கே களஞ்சியம் வாய்திறக்கும். அது வாய்திறவாத இடத்து, நம் கேள்வியைத் திருத்திக்கொண்டு மீண்டும் கேட்டலே மாணாக்கர்க்கு அழகு.