மீன் வளமும் முதல் காத்தலும்

கடன் சங்கத்தின் அங்கத்தினர் யாவரும் அறிந்த விதி ஒன்றுண்டு: வட்டியைச் செலவிடலாம், முதலைத் தொடலாகாது. மீனுக்கும் இதுவே விதி. சினைமீனும் குஞ்சும் முதல். அவற்றினின்று பெருகும் மிகுதியே வட்டி.

தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் மீன்கள் இனம்பெருக்குங் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடுக்கப்படுகிறது. முன்னர் 45 நாட்களாயிருந்த இத்தடை, 2017-ஆம் வருஷம் முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாயிற்று. அந்நாட்களில் மீனவர் குடும்பங்கள் வருமானமிழக்கின்றன. ஆதலின் அரசாங்கத்தார் நிவாரணத் தொகை அளிக்கின்றனர். பொது முதலைக் காக்கும் சுமையை ஒரு சாரார் மட்டும் தாங்குதல் நியாயமன்று.

மாரண்டஹள்ளிக்குக் கடல் வெகு தூரம். ஆயினும் அவ்வட்டாரத்து ஏரி குளங்களுக்கும், அருகிலுள்ள பஞ்சப்பள்ளிச் சின்னாறு அணைக்கும் இப்பாடம் பொருந்தும். மழைக்காலத்தில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும். அச்சமயம் பெரிய மீனைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே அழியும்.

ஏரியைக் குத்தகைக்கு எடுக்கும் சங்கத்தார் பின்வருவனவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளல் நலம்:

1. குஞ்சு காக்குங் காலத்தில் விராலைப் பிடிக்கலாகாது.

2. குஞ்சை அள்ளும் சிறுகண் வலையை விலக்கல் வேண்டும்.

3. நஞ்சும் வெடியும் கூடவே கூடா; 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டமே இவற்றைக் குற்றமாக்கியது.

4. பிடிப்பு நிற்கும் நாட்களின் நஷ்டத்தை அனைவரும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.

நான்காவது இல்லையேல், வலையொன்றே பிழைப்பாக உள்ள ஏழை அங்கத்தினர் முதல் மூன்றையும் காத்தல் அரிது.