கேட்பாரற்ற ஓசை

மருமானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் ஒரு மரம் முறிந்து விழுந்தால் சப்தம் உண்டா, இல்லையா என்று உங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியதையும், 'உண்டு' என்ற கட்சியில் நின்ற நீ, "கேளாத சப்தம் இருந்தது என்று உனக்கு யார் சொன்னார்?" என்று எதிர்க்கட்சிக்காரன் மடக்கியவுடன் வாயடைத்துப் போனதையும், அந்தக் குறை மனத்தில் கிடந்து அறுக்க எனக்கு எழுத உட்கார்ந்ததையும் வாசித்தபோது, இதற்கு அவசரத்தில் பதில் எழுதலாகாது என்று தோன்றிற்று. தாமதத்துக்கு அதுவே காரணம். சோம்பல் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே.

இக்கேள்வியைக் கேட்டவர் பர்க்லி என்ற அயர்லாந்து தேசத்துத் தத்துவஞானி என்று பலரும் சொல்வார்கள். 1710-ல் அவர் வெளியிட்ட நூலில், பார்ப்பவர் எவருமில்லாத தோட்டத்து மரங்களைப் பற்றிய விசாரம் இருப்பது மெய்யே. ஆனால் அந்த மரங்கள் விழவுமில்லை, அவற்றிலிருந்து ஓசை எழவுமில்லை. ஓசையைப் பற்றிய வழக்கு, பிற்காலத்தில் பத்திரிகைகளின் வழியாகப் பரவியது. 1884-ல் அமெரிக்காவின் 'ஸயண்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகை, மரம் விழுந்தால் காற்றில் அதிர்வு உண்டாகும், ஆனால் கேட்கும் காது இல்லையேல் சப்தம் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

அடுப்பில் இருப்பதையும் சூடு என்கிறோம், அதில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொள்ளச் செய்கிற வேதனையையும் சூடு என்கிறோம் அல்லவா? அதுபோலவே சப்தம் என்ற ஒரே சொல், காற்றின் அதிர்வையும், அதனால் நமக்குள் விளையும் உணர்வையும் குறித்து நிற்கிறது. முன்னது காட்டில் உண்டு, பின்னது இல்லை. ஆகவே இரு கட்சியும் ஜெயித்தன என்று சொல்லிவிடலாம். பாகப் பிரிவினைக்கு வந்த பஞ்சாயத்தார் ஆளுக்குப் பாதி கொடுத்து அனுப்புவது போன்ற இந்தச் சமரசம் எனக்குத் திருப்தி தரவில்லை.

ஏனென்றால், காதும் அதிரும் பொருளும் அருகருகே இருந்தும் ஓசை இல்லாமற் போவதுண்டு. ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கடிகாரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளிருந்த காற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளியேற்றினார். முள் ஓடிக்கொண்டே இருக்க, டிக்டிக் ஒலி தேய்ந்து தேய்ந்து கேளாமலே போயிற்று. 1660-ல் அவர் அச்சிட்ட நூலில் இது இருக்கிறது. மூலமும் செவியும் இருந்தால் போதாது. நடுவே ஒரு தூதுவன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி நான் உனக்குச் சொல்ல விரும்பும் கதைக்கு வருகிறேன். பாரிஸ் நகரத்தில் எத்வார்-லெயோன் ஸ்காட் டி மார்த்தின்வில் என்றொருவர், அச்சுக்கூடத்தில் புரூப் திருத்தும் தொழில் செய்துவந்தார். சரீர சாஸ்திர நூல் ஒன்றைத் திருத்தும்போது காதின் அமைப்பைப் படித்தவருக்கு, இப்படி ஒரு செயற்கைக் காதைச் செய்து, அது கேட்பதைக் காகிதத்தில் எழுதவைத்தால் என்ன என்ற எண்ணம் உதித்தது. வாயகன்ற குழல் ஒன்று, அதன் அடியில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல், தோலோடு ஒட்டிய பன்றி மயிர், அந்த மயிர் உராயும்படி கையால் சுழற்றும் உருளையின்மேல் விளக்குக் கரி பிடித்த காகிதம்; இவ்வளவுதான் யந்திரம். 1857-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றைக் கவனி: மயிர் கரியில் கீறிய கோட்டைத் திரும்பவும் குரலாக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. குரல் தானே எழுதிக்கொள்ளும் சுருக்கெழுத்து அது. கண்ணால் வாசிக்கவேண்டியது என்றே நம்பினார். எடிசன் பேசும் யந்திரம் செய்த 1877-க்குப் பிறகு இரண்டே வருஷத்தில், தம் புகழைப் பிறர் கொண்டுபோனார்கள் என்ற மனக்கசப்போடு இறந்தும் போனார்.

1860-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி, 'நிலவொளியில்' என்று தொடங்கும் ஒரு பழைய பிரெஞ்சு நாட்டுப் பாட்டின் சில விநாடிகள் இவ்விதம் கரியில் பதிந்தன. பாடியவரின் மூச்சுக் காற்று அன்றே அடங்கிற்று; கேட்டவர்கள் மண்ணாயினர்; காகிதம் மட்டும் பாரிஸில் ஆவணக் கட்டுக்குள் கிடந்தது. 148 வருஷம் கழித்து, 2008-ல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அக்கோடுகளின் நுண்ணிய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒலியாக்கினார்கள். இளம்பெண் ஒருத்தி பாடுவது போலிருந்தது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. ஆனால் ஸ்காட், காலத்தை அளப்பதற்காகப் பாட்டின் அருகிலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் பதித்து வைத்திருந்தார். அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் அதிர்வைப் போக ஒன்று, வர ஒன்று என இரண்டாக எண்ணுவது வழக்கம். அதை அறியாமல் கணக்கிட்டதால் பாட்டு இரட்டிப்பு வேகத்தில் ஓடியிருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கியதும் பெண் மறைந்து, நிதானமாகப் பாடும் ஓர் ஆண் குரல் வந்தது, அநேகமாக ஸ்காட்டே.

இப்போது உன் நண்பனைக் கேள்: அந்த 148 வருஷம் அக்காகிதத்தில் இருந்தது என்ன? கேட்பவர் இல்லை, ஆகவே உணர்வு இல்லை. காற்றும் அசையவில்லை, ஆகவே அதிர்வும் இல்லை. இரண்டும் இல்லாத இடத்திலிருந்து பாட்டு எப்படி வந்தது?

நம் நாட்டுத் தார்க்கிகர்கள் இவ்விடத்தில் கைகொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். சப்தம் நித்தியமானது, தொண்டைக் காற்று அதை இருட்டிலிருக்கும் குடத்தை விளக்குக் காட்டுவது போல வெளிப்படுத்துகிறதே ஒழிய உண்டாக்குவதில்லை என்றார்கள் மீமாம்சகர்கள். நையாயிகர்கள் மறுத்தார்கள்: சப்தம் பிறக்கிறது, குளத்து அலை அடுத்த அலையை எழுப்புவது போல் வேறொரு சப்தத்தைப் பிறப்பித்துவிட்டு அழிகிறது, கடைசியில் காதை எட்டுவதே கேட்கப்படுகிறது என்றார்கள். அப்படியானால் முரசின் தோலில் பிறந்த முதல் சப்தத்தை எவரும் ஒருநாளும் கேட்டதில்லை என்றாகிறதே, எவ்வளவு விசித்திரம்! (இதைக் கொண்டு, மேல்நாட்டு விஞ்ஞானமெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று யாராவது மார்தட்டினால் கூடச் சேராதே. சப்தத்தை ஆகாசத்தின் குணம் என்று நையாயிகர்கள் கொண்டது பிழை. பாயிலின் கடிகாரமே சாட்சி.) நான் காட்ட வந்தது வேறு. அன்னம்பட்டர் என்ற நையாயிகர், தருக்க சங்கிரகம் என்ற தம் நூலில் சப்தத்துக்கு இலக்கணம் கூறும்போது, செவியால் க்ராஹ்யமான குணம் என்கிறார். க்ராஹ்யம் என்றால் கொள்ளத்தக்கது, கொள்ளப்பட்டது அன்று. அந்த ஒரு விகுதியில் உன் வழக்கின் பாதி தீர்ந்துபோகிறது. காட்டு மரத்தின் ஓசை கேட்கத்தக்கதாய் இருந்தது. கரிக் காகிதத்தில் அத்தகுதி ஒன்றரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது.

எந்தச் செவிக்குத் தகுதி என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரையே மனிதக் காதுக்கு எட்டும். அந்திவேளையில் கோயில் பிராகாரத்துக்கு மேலே பூச்சி தேடிப் பறக்கும் சிறு வௌவால்கள் அவ்வெல்லைக்கு அப்பால் கூவி, எதிரொலியைக் கொண்டு வழி கண்டுகொள்கின்றன. நாம் மௌனம் என்று கைகூப்பி நிற்கும் இடம், அவற்றுக்குச் சந்தைக்கடை.

கோடை விடுமுறைக்கு வா. தகர டப்பாவின் அடியை வெட்டியெடுத்து, பலூன் தோலை இழுத்துக் கட்டி, விளக்குக் கரி பிடித்த காகிதமும் தயார் செய்து வைக்கிறேன். முதலில் உன் அம்மாவை அதில் பேசச் சொல்லலாம். என் சோம்பலைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும். அவை காகிதத்தோடு நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா