காத்து எந்தப் பக்கம்னு முதல்ல பாரு! அமீரகத்தில் முதல் கோடைக்கு அக்காவின் டிப்ஸ்

அமீரகத்துக்குப் புதுசா குடிவந்திருக்கற தங்கச்சி, இது உனக்காக. நம்ம ஊர்ல மே 4 தொடங்கி 28 வரைக்கும் கத்திரி. அது கழிஞ்சா "இனி தணிஞ்சிடும்"னு மனசு ஆறுதலாயிடும். அந்தக் கணக்கை இங்கே வச்சுக்காதே. துபாய், ஷார்ஜா, அஜ்மான் கரையோரத்துல மே மாசம்தான் கோடைக்கே தொடக்கம். மே மாசப் பகல் உச்சம் சராசரியா 38 டிகிரி, ஜூன்ல 40 பக்கம் போகும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இறங்காது. ஆகஸ்ட் 24 வாக்குல விடியற்காலை வானத்துல சுஹைல் நட்சத்திரம் தெரிஞ்ச பிறகுதான், வெயில் தணியப் போகுதுன்னு இந்த ஊர்க்காரங்க சொல்வாங்க. நாம அகத்தியர்னு சொல்ற அதே நட்சத்திரம்தான்.

அதனால மே, ஜூன் ரெண்டு மாசமும் உடம்பையும் வீட்டையும் தயார் பண்ற காலம். அதுக்கு நீ முதல்ல கத்துக்க வேண்டியது ஒரு பழக்கம்: காலையில போனை எடுத்ததும் டிகிரியைப் பாக்கறதுக்கு முன்னாடி, காத்து எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னு பாரு.

ஒரே ஊர், ரெண்டு வெயில்

நமக்கு ஒரு பக்கம் பாலைவனம், இன்னொரு பக்கம் கடல். ராத்திரியும் காலையிலயும் காத்து பாலைவனத்துப் பக்கம், அதாவது தெற்கு, தென்கிழக்கிலேர்ந்து வரும். வெயில் ஏறி மணல் சுட்டதும், மதியத்தை ஒட்டி கடல்காத்து வடமேற்கிலேர்ந்து உள்ளே வரும். கடல்காத்து வந்தா டிகிரி ஏறுறது நிக்கும், ஆனா ஈரப்பதம் கூடிடும். தென்காத்து விடாம அடிச்சு கடல்காத்து தாமதமாச்சுன்னா, அன்னிக்குத்தான் 43, 45ன்னு எகிறும். உள்நாட்டுல இன்னும் மோசம். 2025 மே 24 அன்னிக்கு அபுதாபி எமிரேட்ல இருக்கற ஸ்வைஹான்ல 51.6 டிகிரி பதிவாச்சு.

இந்த ரெண்டு நாளுக்கும் வைத்தியம் வேற வேற.

பாலைவனக் காத்து அடிக்கற நாள்:
- வேர்வை வந்த வேகத்துல காஞ்சிடும். வேர்க்கவே இல்லையேன்னு நினைப்பே, உடம்புல தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கும். தாகம் வரும்னு காத்திருக்காதே, மணிக்கு ஒரு தடவை குடி.
- ஈரத்துண்டு நல்லா வேலை செய்யும். கழுத்துல போட்டுக்கோ.
- உதடு, கண்ணு, மூக்கு காயும். ராத்திரி மூக்கு ஓரமா துளி தேங்காய் எண்ணெய் தடவு.

கடல்காத்து அடிக்கற நாள்:
- வேர்வை காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. 36 டிகிரிதானேன்னு நடக்கக் கிளம்பாதே. "உணரும் வெப்பம்"னு ஆப்புல தனியா ஒரு எண் இருக்கும், அதைப் பாரு.
- ஈரத்துண்டால அதிகப் பிரயோஜனம் இல்ல. காத்தோட்டமோ ஏ.சி.யோ இருக்கற இடத்துக்கு வந்துடு.
- தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே வேர்க்குரு வரும். வீட்டுக்கு வந்ததும் கழுவி, துடைச்சு, பருத்தி உடுத்து.

மே மாசத்துல முதல் வகை நாள் நிறைய வரும். இந்த வளைகுடாக் கடலோட சராசரி ஆழம் 35 மீட்டர்தான், சீக்கிரம் சூடேறிடும். ஆகஸ்ட்ல கடல்தண்ணியே 32 டிகிரியைத் தாண்டிடும். அப்போ ரெண்டாவது வகைதான் மேலோங்கும். அதுக்குள்ள உன் உடம்பு பழகியிருக்கணும்.

உடம்பைப் பழக்கு

வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகின உடம்பு சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், வேர்வையில உப்பை வீணாக்காது. முழு நாளும் ஏ.சி.க்குள்ளயே இருந்தா இது நடக்காது. மே மாசத்துல தினமும் விடியற்காலையில கொஞ்ச நேரம் வெளியே நட. அஞ்சரைக்கெல்லாம் சூரியன் உதிச்சிடும், அதை ஒட்டின நேரம்தான் நாள்லயே குளிர்ச்சி. சாயங்காலம் நடக்கணும்னா ஏழரைக்கு அப்புறம் போ. அதுக்கு முன்னாடி தரையும் சுவரும் பகல் சூட்டைக் கக்கிக்கிட்டு இருக்கும்.

குடிக்கறதும் சாப்பிடறதும்

- சிறுநீர் வெளிர் மஞ்சளா இருக்கா பாரு. அடர்த்தியா போனா உடனே தண்ணி குடி.
- வெறும் தண்ணியோட உப்பும் வேணும். கிராசரியில கிடைக்கற லபன் நம்ம மோர் மாதிரிதான். தண்ணி விட்டு உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டுக்கோ. பிரஷர், கிட்னி தொந்தரவு இருக்கறவங்க மட்டும் உப்பு விஷயத்துல டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.
- ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டுல எப்பவும் வை. தீர்ந்துபோனா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு மட்டமா 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
- மெட்ரோவுக்குள்ள சாப்பிடவோ குடிக்கவோ அனுமதி இல்ல. ஸ்டேஷனுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே குடிச்சுடு.
- இட்லி மாவு ராத்திரி முழுக்க வெளியே இருந்தா பொங்கிப் புளிச்சிடும். பல ஃப்ளாட்ல சமையல்கட்டுல ஏ.சி. கிடையாது. அரைச்சு நாலஞ்சு மணி நேரத்துல எடுத்து ஃப்ரிட்ஜ்ல வை.
- மீன், பால், கறி வாங்கறதைக் கடைசியா வச்சுக்கோ. வாங்கினதும் நேரா வீட்டுக்கு வா.

குழாயும் ஏ.சி.யும்

மொட்டைமாடித் தொட்டி வெயில்ல கிடக்கறதால, பகல்ல பச்சைத்தண்ணிக் குழாயிலயே வெந்நீர் வரும். இங்கே பழகினவங்க எல்லாரும் செய்யற வழி இது: கோடை வந்ததும் வாட்டர் ஹீட்டரோட சுவிட்சை அணைச்சிடு. வீட்டுக்குள்ள இருக்கற ஹீட்டர் தொட்டியில தண்ணி தங்கி அறைச் சூட்டுக்கு ஆறிடும். அப்புறம் வெந்நீர்ப் பக்கம் திருப்பினா மிதமான தண்ணி வரும். நிறைய பிடிச்சா அதுவும் சூடாயிடும், அதனால முதல் நாள் ராத்திரியே பக்கெட்ல பிடிச்சு வைக்கறதும் நல்லது. குழந்தை மேல ஊத்தறதுக்கு முன்னாடி உன் கையை விட்டுப் பாக்காம ஊத்தாதே.

ஏ.சி.யை 24ல வை. 18ல வச்சா ரூம் வேகமா குளிராது, பில்தான் ஏறும். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவு. சர்வீஸ்காரங்களை மே முதல் வாரத்துலயே கூப்பிட்டுடு, ஜூன் வந்தா அவங்களைப் பிடிக்கறது கஷ்டம். மேற்கு பாத்த ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, மதியம் ஒரு மணிக்கே இழுத்து மூடிடு.

வெளியே கிளம்பறப்போ

- தளர்வான பருத்தி உடை, குடை, தண்ணி பாட்டில். பையில ஒரு மெல்லிய ஷால். மாலும் ஆபீஸும் உள்ளே நடுங்க வைக்கும்.
- துபாய்ல பல பஸ் ஸ்டாப் ஏ.சி. அறையா இருக்கு. வழியில அப்படி ஒண்ணு இருந்தா, ரெண்டு நிமிஷம் உள்ளே உக்காந்து போ.
- கார்ல ஏறினதும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேத்திட்டு ஏ.சி. போடு. பவர் பேங்க், லைட்டர், சென்ட் பாட்டில் எதையும் உள்ளே விட்டுட்டுப் போகாதே.
- டயர்ல காத்தும், பக்கத்துல பொறிச்சிருக்கற நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியும் பாரு. முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பழைய டயர் சூட்டு ரோட்டுல வெடிக்கும்.
- குழந்தையைக் கார்ல தனியா விடாதே. "பால் வாங்கிட்டு வந்துடறேன்"னு ஒரு நிமிஷம்கூட வேண்டாம். மூடின காருக்குள்ள பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி ஏறிடும். சின்ன உடம்பு அதைத் தாங்காது.

ஷமால் வந்தா

ஜூன், ஜூலையில வடமேற்கிலேர்ந்து பலமா ஒரு காத்து நாள் கணக்குல அடிக்கும். அதுதான் ஷமால். ஈராக், சவூதிப் பக்கத்துப் புழுதியைத் தூக்கிக்கிட்டு வரும். ஜன்னல் இடுக்குல ஈரத்துணி வை. விளக்குமாத்தால பெருக்காதே, ஈரத்துணியால துடை. வீசிங் இருக்கறவங்க இன்ஹேலரைக் கையோட வச்சுக்கணும், வெளியே போனா என்-95 மாஸ்க் போடணும். அந்த நாள்கள்ல கடல் கொந்தளிக்கும், குழந்தைங்களோட குளிக்க இறங்காதே.

வீட்டுல வெளிவேலைக்குப் போறவங்க இருந்தா

அமீரகத்துல ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 15 வரைக்கும், மதியம் 12.30லேர்ந்து 3 மணி வரை நேர் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதுக்கு முன்னாடி வர்ற மே கடைசியும் ஜூன் முதல் பாதியும்தான் எனக்குக் கவலை. வெயில் முழுசா இருக்கும், அந்த இடைவேளை இருக்காது. புதுசா சைட்டுக்கு வந்தவரும், லீவு முடிஞ்சு திரும்பினவரும் முதல் வாரம் பளுவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். உன் வீட்டுக்காரரோ தம்பியோ போனா, போர்மேன்கிட்ட கேட்டு நிழல்ல ஓய்வு எடுக்கச் சொல்லு. கூச்சப்பட்டுக்கிட்டு இருக்க வேண்டிய விஷயம் இல்ல இது.

இந்த அடையாளத்தை மறக்காதே

தலைசுத்தல், குமட்டல், கால் பிடிப்பு, ஏகப்பட்ட வேர்வை: இது எச்சரிக்கை. நிழலுக்குக் கொண்டுவந்து படுக்க வை, காலைத் தூக்கி வை, ஓ.ஆர்.எஸ். கொடு.

பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியல, உடம்பு நெருப்பா கொதிக்குது, மயங்கறாங்கன்னா அது ஹீட் ஸ்ட்ரோக். வேர்க்குதா இல்லையான்னு பாத்துக்கிட்டு நிக்காதே. உடனே 998க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடு. வர்ற வரைக்கும் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறு. கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வை. நினைவு தடுமாறினவங்க வாயில எதையும் ஊத்தாதே.

இந்த வாரமே நாலு வேலையை முடிச்சிடு: ஏ.சி. ஃபில்டர் கழுவு, ஹீட்டர் சுவிட்சை அணை, ஓ.ஆர்.எஸ். வாங்கி வை, 998ஐ ஃப்ரிட்ஜ் கதவுல பெருசா எழுதி ஒட்டு. பக்கத்து ஃப்ளாட்டுக்கோ பெட் ஸ்பேஸுக்கோ யாராவது புதுசா வந்திருந்தா, கதவைத் தட்டி இதையெல்லாம் அவங்களுக்கும் சொல்லு. சொந்தபந்தம் பக்கத்துல இல்லாத ஊர்ல முதல் கோடையைத் தாண்டறவங்களுக்கு ஒரு அக்கா வேணும். அடுத்த வருஷம் அந்த அக்கா நீதான்.