அக்னி நட்சத்திரத்தில் திருக்கடையூர் பயணம்: தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஏற்ற ஏற்பாடுகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. தாத்தாவின் அறுபதோ எழுபதோ எண்பதோ இந்த மாதங்களில் வந்தால், சொந்தபந்தம் எல்லாம் ஒன்றுகூட இதைவிட வசதியான காலம் கிடையாது. ஆனால் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரமும் இதே நாட்களில்தான் வருகிறது. சென்னையிலிருந்து, இந்த விழாக்களுக்காகப் போகும் திருக்கடையூருக்குக் கிட்டத்தட்ட 270 கி.மீ. கைக்குழந்தையையும் எண்பது வயதுக்காரரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு. வண்டி ஓட்டுகிறவரின் வசதியை வைத்து நேரம் குறிக்காதீர்கள். வண்டியில் இருப்பவர்களில் மிகச் சிறியவரையும் மிக மூத்தவரையும் வைத்துக் குறியுங்கள். வெயிலை அதிகம் தாங்க முடியாதவர்கள் அவர்கள் இருவரும்தான். தாகம் எடுத்தால் ஒருவருக்குச் சொல்லத் தெரியாது, மற்றவர் சொல்ல மாட்டார்.

நாள் குறித்தாயிற்றா?

சஷ்டியப்தபூர்த்தியை நகர்த்த வழியில்லை. அறுபது தமிழ் ஆண்டுகளின் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது, பிறந்த மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் விழும் நாளில் செய்வது. சித்திரையில் பிறந்தவருக்குச் சித்திரையில்தான். சதாபிஷேகம் அப்படியில்லை. ஆயிரம் பிறை கண்டவர் என்பதற்கான விழா அது. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சுமார் 29.53 நாள் என்று வைத்துப் பெருக்கினால், எண்பது நிறைந்து பத்து மாதம் ஆகும்போது கணக்கு சரியாக வருகிறது. குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கு கொஞ்சம் மாறும், உத்தராயணத்தில் நல்ல நாள் பார்த்துச் செய்வார்கள். ஆகவே வாத்தியாரிடம் இப்போதே பேசுங்கள். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு முகூர்த்தம் அமையுமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாருக்கும் லீவு இருக்கு" என்பதற்காக மே நடுவில் வைப்பது, விழா நாயகரை விட்டுவிட்டு விழாவை மட்டும் பார்ப்பது.

மாற்ற முடியாது என்றால், காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து மணிக்குமேல் ஆரம்பிக்கிற ஹோமம் இந்த மாதத்தில் யாருக்கும் நல்லதில்லை. அறை முன்பதிவு செய்யும்போது குளிர்சாதனம் உண்டா என்று எல்லோரும் கேட்கிறோம். தரைத்தளமா, மேற்கத்திய கழிப்பறையா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நள்ளிரவில் கிளம்பாதீர்கள்

"ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பினா பசங்க தூங்கிடுவாங்க, வெயிலும் இருக்காது, விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்." ஏறக்குறைய எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பகல் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த மகனோ மருமகனோதான் ஓட்டப் போகிறார். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். காபியும் இளையராஜா பாட்டும் அதை வெல்லாது. பாதி உறக்கத்தில் போய் இறங்கி, உடனே குளித்து, பட்டு கட்டி ஹோமகுண்டத்தின் முன் உட்காரும் பெரியவரின் நிலையையும் யோசியுங்கள்.

விழாவுக்கு முந்தைய நாள் விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஓட்டுகிறவர் முந்தின இரவு ஒன்பதுக்கே படுத்திருக்க வேண்டும். பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி நெரிசலும் தொந்தரவு தராது. திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று நின்று நின்று போனாலும் பதினோரு மணிக்குள் அறையில் இருக்கலாம். உச்சி வெயில் நேரமான பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை குழந்தைகளும் தாத்தா பாட்டியும் தூங்கட்டும். வெள்ளிக்கிழமை மாலையில் கிளம்புவதை மட்டும் மறந்துவிடுங்கள். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள்ளேயே குழந்தை அழ ஆரம்பித்துவிடும்.

சுங்கச்சாவடி என்றதும் நினைவுக்கு வருகிறது: ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

வண்டி

ஏசிக்கு காஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் டயரைப் பாருங்கள். தேய்ந்த டயர் கோடைத் தார்ச்சாலையில்தான் வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அத்தனை பழையது என்றால், பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலையில் சரிபாருங்கள். வழியில் சூடான டயரில் அளவு கூடிக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடக் கூடாது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது நம் ஊர்ப் பழக்கம். விட வேண்டிய பழக்கம். திடீரென்று பிரேக் அடித்தால் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. ஏர்பேக் விரிந்தால் முதலில் அடிபடுவது குழந்தைதான். இரண்டு வயதுவரை பின்சீட்டில், பின்புறம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கை. அதற்குமேல் உயரத்துக்கு ஏற்ற இருக்கை. 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 2019 திருத்தச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பால் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டிக் கொடுங்கள். ஓடும்போது குழந்தையை இருக்கையிலிருந்து எடுக்காதீர்கள்.

வாந்தி வரும் குழந்தையை மூன்றாவது வரிசையில் தள்ளாதீர்கள். நடு வரிசையில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற இடம் வேண்டும். கையில் போனைக் கொடுத்தால் பத்து நிமிடம் அமைதி, பதினோராவது நிமிடம் வாந்தி.

தண்ணீரைவிட முக்கியமான ஒன்று

"நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாட்டி தலையாட்டுவார், குடிக்க மாட்டார். வழியில் இறங்கிப் போக இடம் இருக்காது, இருந்தாலும் சுத்தமாக இருக்காது, குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, மருமகனிடம் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். அதனால் கிளம்புவதற்கு முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். சாப்பிட வேண்டிய நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வெயிலில் மயங்கி விழுவதற்கு இதைவிட நேர்வழி கிடையாது.

எனவே தண்ணீர் பாட்டிலுக்கு முன் கழிப்பறையைத் திட்டமிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு பெட்ரோல் பங்க்கிலோ ஓட்டலிலோ வண்டி நிற்கும் என்று கிளம்பும்போதே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். மகளோ மருமகளோ முதலில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்கும்மா, வாங்க" என்று கைபிடித்து அழைத்துப் போகட்டும். ஒரு குவளை, சோப்பு, மாற்றுப் புடவை பையின் மேல்பக்கம் இருக்கட்டும். அந்த நிறுத்தத்திலேயே ஐந்து நிமிடம் நடந்தால் கால் வீக்கமும் குறையும். நீர் பிரியும் மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் எப்போது, எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாக நிறுத்தவோ தள்ளிப்போடவோ வேண்டாம். இன்சுலின் இருந்தால் டாஷ்போர்டுப் பெட்டிக்குள்ளோ டிக்கியிலோ வைக்காமல், சிறு குளிர்ப்பையில், ஐஸில் நேரடியாகப் படாதபடி துணி சுற்றி வைத்திருங்கள்.

குழந்தைகளில், ஆறு மாதம் நிரம்பாததற்கு இந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நீர்மோர், இளநீர். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீர் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் என்றால் மருந்துக் கடையில் விற்கும் தூள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாதித் தூள், பாதி டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் அல்ல. அந்தப் பெயரில் அவற்றை விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

நிறுத்தங்களில் இன்னொரு கண்டிப்பு. "அஞ்சு நிமிஷம், டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கும் குழந்தையையும் தாத்தாவையும் உள்ளே விட்டுப் போகாதீர்கள். மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

கட்டுச்சாதம் கட்டுகிறவர்கள் தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்து, இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிவிடுங்கள். மதியத்துக்குப் புளியோதரை. தயிர்சாதத்தைக் காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் புளிக்காது. திண்டிவனம் பக்கம் நுங்கு கிடைக்கும், கண்முன் வெட்டிக் கொடுத்தால் வாங்குங்கள். கீற்றுப் போட்டு அடுக்கிய தர்பூசணியும், கட்டி ஐஸ் உடைத்துப் போடும் பழச்சாறும் வேண்டாம். கேக் வெட்டுவது என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் சிதம்பரத்திலோ மயிலாடுதுறையிலோ சொல்லிவைத்து வாங்குங்கள். டிக்கியில் போகும் கிரீம் கேக் செங்கல்பட்டைத் தாண்டாது.

விழா அன்று

ஹோமப் புகை மண்டும் இடத்திலிருந்து கைக்குழந்தையையும் இளைப்பு உள்ளவர்களையும் தள்ளி உட்கார வையுங்கள். பேரன் பேத்திகள் சங்கல்பத்துக்கும் அபிஷேகத்துக்கும் வந்து நின்றால் போதும், நடுவில் வெளியே விளையாடட்டும், ஒருவர் காவலுக்கு. கலசாபிஷேகத்தின்போது 16, 32, 64 என்று எத்தனை கலசம் வைத்திருக்கிறீர்களோ அத்தனையும் விழா காணும் தம்பதியின் இரண்டு தலைகளில்தான் விழும். எண்பது வயதுக்கு அதிகக் கலசம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உறவினர் ஒவ்வொருவரும் குடம் குடமாக ஊற்றாமல், சொம்பால் தோளில் மெல்ல விடுங்கள். முடிந்தவுடன் துவட்டத் துண்டும் மாற்று வேட்டி புடவையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஈரத் தரையில் நடத்திக்கொண்டு போக இரண்டு பேர் தயாராக நிற்கட்டும்.

பஞ்சாமிர்தத்தை ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள். அதில் தேன் இருக்கும். அந்த வயதில் தேன் நரம்பைத் தாக்கும் நச்சுத்தொற்றைக் கொண்டுவரலாம். பெரியம்மா வருத்தப்பட்டால் நெற்றியில் குங்குமம் வைக்கச் சொல்லுங்கள்.

அமிர்தகடேஸ்வரர், அபிராமி தரிசனத்தைக் கல்தரை சுடுவதற்குள் முடித்துவிடுங்கள். குழந்தைகளுக்குப் பருத்திக் காலுறை உதவும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் காற்று வாங்க வேண்டுமென்றால், பக்கத்தில் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடலும் இருக்கின்றன. பிள்ளைகள் மணலில் விளையாடட்டும், அலையில் இறக்காதீர்கள்.

வடை பாயசத்தோடு இலைச்சாப்பாடு முடித்த கையோடு ஊர் திரும்பாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்குவரை மறுபடி கண் சொக்கும், அதோடு உச்சி வெயில். இன்னொரு இரவு தங்கி மறுநாள் விடியலில் கிளம்புங்கள். ஞாயிறு மாலை சென்னைக்குள் நுழைய நினைப்பவர்கள் திங்கட்கிழமை விடுப்புக்கு இன்றே எழுதிக்கொடுப்பது நல்லது. வழியில் வண்டி நின்றுபோனால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033. யாருக்காவது தலைசுற்றி, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.