மின்தடைக்கு மின்சேமிப்புப் பெட்டி: தேர்ந்தெடுப்பது எப்படி?

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது, காவிரி டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய வேளைகளில் விளக்கும் செல்போனும் இயங்க, 'பவர் ஸ்டேஷன்' எனப்படும் மின்சேமிப்புப் பெட்டிகள் உதவும். வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நலம்.

இரண்டு அளவுகள்

பெட்டியில் 'வாட்-மணி', 'வாட்' என இரு அளவுகள் குறித்திருக்கும். முதலாவது, தொட்டி கொள்ளும் நீர் போன்றது. இரண்டாவது, குழாயின் வாயகலம் போன்றது. 1000 வாட்-மணி என்பது ஒரு யூனிட்.

கணக்கு

75 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓட 750, 9 வாட் விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிய 90, இரு செல்போன்களுக்கு 30, ஆக 870 வாட்-மணி தேவை. பெட்டிக்குள் சுமார் 15 சதம் வீணாகும் என்பதால் 1000-க்குச் சற்று மேற்பட்ட பெட்டி வேண்டும். மாறாக, 30 வாட் 'பி.எல்.டி.சி.' விசிறியை மாட்டினால் மொத்தத் தேவை 420 ஆகக் குறையும். 500 வாட்-மணிப் பெட்டியே போதும். ஆகவே முதலில் விசிறியை மாற்றுவதே சிக்கனம்.

குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்குமா என்று கேட்டறிய வேண்டும். 5 குதிரைத் திறன் பம்புசெட்டுக்கு 3700 வாட்டுக்கு மேலும், மும்முனை மின்சாரமும் தேவை. இந்தப் பெட்டிகளை அதற்கு நம்பக்கூடாது.

எந்த மின்கலம்?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை சற்று கனமானது. ஆனால் வெப்பத்தைத் தாங்கும், 2000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். பெட்டியை வீட்டைவிட்டு நகர்த்தும் அவசியம் இல்லாதவர்களுக்குச் சாதாரண இன்வெர்ட்டரும் டியூபுலர் பாட்டரியுமே மலிவு. உள்ளூரிலேயே பழுதும் பார்க்கலாம். களத்துமேட்டுக்கும் கோழிக்கொட்டகைக்கும் தூக்கிச் செல்ல வேண்டியவர்களுக்கே பெட்டி ஏற்றது.

சூரியத் தகடு

100 வாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 400 வாட்-மணி தரும். புயல் மேகத்தில் இது வெகுவாகக் குறையும். எனவே மழை எச்சரிக்கை வந்தவுடனேயே பெட்டியை முழுமையாகச் சார்ஜ் செய்துவிட வேண்டும். தகட்டின் வோல்ட் அளவு பெட்டி ஏற்கும் எல்லைக்குள் இருப்பது அவசியம்.

எச்சரிக்கை

பெட்டியின் மின்சாரத்தை வீட்டுச் சுவர் பிளக் வழியாக ஒருபோதும் செலுத்தக்கூடாது. அது வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, கம்பத்தில் வேலை செய்யும் மின்ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். விளக்கு, விசிறிகளைப் பெட்டியிலேயே நேரடியாக இணைக்க வேண்டும்.

பயன்படுத்தாத நாள்களில் பாதியளவு சார்ஜுடன் வெயில், ஈரம் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதித்து வந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டி கைகொடுக்கும்.