பாதம் பேணல்



நம் விடுதியில் காலை ஏழு மணிக்குக் கண்ணாடிமுன் நிற்கும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். முகத்திற்குச் சோப்பு, தலைக்கு எண்ணெய், பல்லுக்குப் பசை என உறுப்புகள் பலவும் தத்தம் பங்கைத் தவறாது பெறுகின்றன. நாள் முழுதும் நம்மைச் சுமக்கும் பாதங்களுக்கோ, குளிக்கும்போது மேலிருந்து வழிந்துவரும் தண்ணீர்தான் கிடைக்கிறது. அவற்றைப் பற்றியே இங்கு எழுதக் கருதுகிறேன். நான் மருத்துவ மாணவன் அல்லேன். ஆயினும், எங்கள் வீட்டில் நேர்ந்த ஒன்று என்னை இதுபற்றிப் படிக்கவும், மருத்துவர்களைக் கேட்டறியவும் செய்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

என் ஊர் அகளி. பாலக்காடு மாவட்டத்தில், பவானி பாயும் அட்டப்பாடியைச் சேர்ந்தது. மண்ணார்க்காட்டிலிருந்து மலைப்பாதையில் ஏறி வருவோர் முதலில் முக்காலியைக் காண்பர். அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டிற்கு வாயில் அதுவே. அங்கு மழை மிகுதி, அட்டையும் மிகுதி. அங்கிருந்து அகளி, கோட்டத்தறை வழியாக ஆனைகட்டியை நோக்கிச் செல்லச் செல்ல மழை குறையும்; மண் வறளும்; முட்செடிகள் பெருகும். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், தமிழும் மலையாளமும் பேசும் உழவர்களும் வாழும் நிலம் இது. ஈரத்தால் வரும் கால்நோய், வறட்சியால் வரும் கால்நோய் ஆகிய இரண்டையும் ஒரே சாலையில் காணவேண்டுமாயின் எங்கள் ஊர்ப்பக்கம் வருக.

வறட்சியை முதலில் பார்ப்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரண்டிலும் சேர்த்து 52. உடலின் 206 எலும்புகளில் ஏறக்குறையக் காற்பங்கு பாதங்களில் அடங்கிவிடுகிறது! இவற்றைத் தாங்கும் உள்ளங்கால் தோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உடலின் பிற பகுதிகளில் தோலுக்கு நெய்ப்பூட்டும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்காலில் இல்லை. வியர்வைச் சுரப்பிகளே உண்டு. ஆகவே, அங்குத் தோல் எளிதில் உலர்ந்து தடிக்கிறது. நாம் நிற்கும்போது குதிகாலின் கொழுப்புத் திண்டு உடற்பாரத்தால் பக்கவாட்டில் பிதுங்கும். நெகிழ்ச்சியற்ற தோல் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் பிளக்கும். இதனையே பித்தவெடிப்பு என்கிறோம். பித்தத்தின்மேல் பழிபோட்டது நம் முன்னோர் வழக்கு. நெடுநேரம் நிற்பதும், பின்புறம் திறந்த செருப்பும், வறண்ட காற்றும், கூடிய உடல் எடையும் பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன.

இதற்குச் செய்யவேண்டியது எளிது. இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருந்து, மாக்கல்லால் மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி, ஈரப்பதம் முற்றும் போகுமுன் விளக்கெண்ணெயோ வாசலினோ பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கவேண்டும். தோலின் நீரை வெளியேறவிடாமல் காப்பதே எண்ணெயின் பணி. முற்றும் உலர்ந்த காலில் பூசினால் பயன் பாதிதான். பிளேடால் தோலைச் சீவுவோர் நம் விடுதியிலும் உளர். அருள்கூர்ந்து அதனை விட்டுவிடுங்கள்.

வெள்ளிதோறும் காலில் மஞ்சள் பூசும் நம் பாட்டிமாரை இளைஞர் சிலர் நகையாடக் கேட்டிருக்கிறேன். மஞ்சளின் மருத்துவக் குணம்பற்றி வழக்காட நான் முன்வரவில்லை. ஆனால், வாரம் ஒருமுறை உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் தொட்டுப் பார்த்து வந்தார்களே, அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிது! படித்த நம்மிற் பலர் தம் உள்ளங்காலைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று?

இனி, ஈரம். சேற்றில் நிற்கும் உழவருக்கு வருவதால் சேற்றுப்புண் என்று பெயர் பெற்றது. சேறே காணாத நம் விடுதி மாணவர்க்கும் வருகிறது. காரணம் சேறன்று, ஒருவகைப் பூஞ்சை. ஈரமும் வெப்பமும் இருளும் அதற்கு உகந்தவை. இம்மூன்றும் கான்வாஸ் சப்பாத்துக்குள் குறைவின்றிக் கிடைக்கின்றன. சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையே தோல் வெளுத்து ஊறி அரிக்கத் தொடங்கினால், பூஞ்சை குடியேறியது எனக் கொள்க. குளித்தவுடன் விரலிடுக்கைத் தனித் துணியால் துடைத்தல், காலுறையை நாள்தோறும் மாற்றுதல், பிறர் காலுறையை அணியாதிருத்தல், பொதுக் குளியலறைக்கு ரப்பர்ச் செருப்புடன் செல்லுதல் ஆகியவையே காப்பு. குதிகாலுக்கு நன்மை செய்யும் எண்ணெய் விரலிடுக்கிற்கு ஆகாது என்பதையும் மறவாதீர். பூஞ்சைக் களிம்பை அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை பூசவேண்டும். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவவிடும் கள்ள நண்பன் அது.

அட்டையைப் பற்றி ஒரு சொல். கடித்த அட்டையைப் பிய்த்து எறியாதீர். அது கவ்விய வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். குருதியை உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் காயம் சற்று நேரம் கசியும், அஞ்சவேண்டா. கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

அட்டையினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழு. 1898ஆம் ஆண்டில் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்ற அறிஞர் இதன் குஞ்சுப்புழுக்களை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவை கலந்த நீர்த்துளி ஒன்று அவர் கைமேல் சிந்தியது. அவ்விடம் சிவந்து அரித்தது. சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன! வாய்வழியே மட்டும் புகும் என்று எண்ணப்பட்ட புழு, தோலைத் துளைத்தும் புகும் என்பது இவ்வாறு தெரியவந்தது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரைப் பற்றி, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது இப்புழு. மலைநாட்டுக் குழந்தைக்குச் செருப்பு அழகுப்பொருள் அன்று என்பது இதனால் விளங்கும்.

நகத்தை நேராக வெட்டுக. ஓரங்களை வளைத்து உள்ளே தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். காலணியை மாலையில் வாங்குக. பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். காலையில் எழுந்து வைக்கும் முதலடியில் குதிகால் குத்துகிறது என்பார் சிலர். உள்ளங்காலின் அடித்தசைநார் இறுகியதால் பெரும்பாலும் அவ்வலி வரும். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டிக் கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியை நாள்தோறும் செய்தால் பலர்க்குக் குறையும்.

இதுவரை சொன்னவை எல்லாம் வலிக்கும் அல்லது அரிக்கும் கால்களைப் பற்றியவை. வலிக்காத காலைப் பற்றிச் சொல்லவே இதனை எழுதத் தொடங்கினேன்.

என் பாட்டனார் அகளியில் ராகியும் நிலக்கடலையும் பயிரிட்டவர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். ஒருநாள் மாலை அவர் வீடு திரும்பி அமர்ந்திருந்தபோது, பாட்டி, “ஏனுங்க, பாயி மேல என்ன கறை?” என்று கேட்டார். பார்த்தால், டயர்ச் செருப்பின் அடியைத் துளைத்த வேலமுள் ஒன்று உள்ளங்காலில் பாதியளவு ஏறி முறிந்திருந்தது. “வலியே காணோமே” என்றார் பாட்டனார். அது எப்போது தைத்தது என்பதையே அவர் அறியார். சுற்றிலும் பழுத்திருந்த நிலையைக் கண்டு, இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு விரல்களை எடுத்தபின்னரே காலைக் காக்க முடிந்தது. கல்லிலும் முள்ளிலும் அறுபது ஆண்டு நடந்த கால் அது. வலித்திருந்தால் அன்றே முள்ளைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

நீரிழிவு நெடுநாள் இருந்தால் நரம்புகள் நீளமானவை முதலாகப் பழுதுபடுகின்றன. மிக நீளமான நரம்புகள் கால்விரலுக்குச் செல்பவை. ஆகவே, உணர்ச்சி முதலில் அங்கே மங்குகிறது. குருதியோட்டமும் குறைந்தால் சிறு புண்ணும் ஆறாது. வலியின்மை எவ்வளவு பெரிய கேடு என்பதை உலகிற்கு விளக்கியவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே பிறந்தவர். கொல்லிமலையில் 1914இல் சமயப் பணியாளரின் மகனாகப் பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அவரும் அவருடைய உடன்பணியாளரும் நோயாளரைக் கூர்ந்து கவனித்து, வலி உணராமையால் ஏற்படும் காயங்களும் தீச்சுடுகளும் ஓயாத அழுத்தமுமே பெரும்பகுதி அழிவுக்குக் காரணம் என்று காட்டினர். புண்பட்ட காலை மாவுக்கட்டில் வைத்து அழுத்தத்தைப் பரப்பியபோது, ஆறாது என்று கைவிடப்பட்ட புண்களும் ஆறின. நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரால் செருப்புகள் செய்து அணிவித்தனர். 1966இல் பிராண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு அவர் வேலூர் அறிவை நீரிழிவு நோயாளரின் கால்களுக்கும் பயன்படுத்தினார். நீரிழிவாளர்க்கு இன்று மருத்துவர் எழுதித்தரும் மென்செருப்பின் பின்னே இவ்வரலாறும் உண்டு.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று கணக்கிட்டது. கேரளத்தில் வயது வந்தோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்! ஆகவே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்படியொரு கால் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தகையோர் வீட்டிற்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்கவேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் அறியவேண்டும். நண்பகலில் கோயிற் பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்து, கொப்புளம் கண்டபின்னரே சுட்டதை அறிந்தோர் உளர். அதிகாலையில் வழிபடச் செல்வது அவர்களுக்கு நன்று. உள்ளங்காலை நாள்தோறும் பார்க்கவேண்டும்; குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கால் ஆணிக்கு மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டுவது இவர்களுக்கு ஆகாது. அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

உணர்ச்சி மங்கியுள்ளதா என்பதை நாமே ஓரளவு சோதிக்கலாம். இங்கிலாந்தின் இப்சுவிச்சு நகர மருத்துவர்கள் வகுத்த முறை இது. கருவி எதுவும் வேண்டா. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது அப்பாவையோ பாட்டியையோ காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். “தொட்டது தெரிந்தால் வலம், இடம் என்று சொல்லுங்கள்” என்று முன்னரே கூறிவிடுங்கள். பின், உங்கள் சுட்டுவிரல் நுனியால் வலக்காலின் பெருவிரல், அதன் சுண்டுவிரல், இடக்காலின் பெருவிரல், அதன் சுண்டுவிரல், வலக்காலின் நடுவிரல், இடக்காலின் நடுவிரல் என்னும் வரிசையில் விரல் நுனிகளைத் தொடுங்கள். இறகு பட்டாற்போலத் தொடவேண்டும். ஓரிரு நொடி போதும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. ஓரிடத்தில் விடை வரவில்லை என்பதற்காக அங்கேயே மறுமுறை தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லையெனில், புண் இல்லாவிடினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் நைலான் இழையாலும் இசைக்கவையாலும் சோதித்து உறுதி செய்வார். காலின் நாடித்துடிப்பையும் பார்ப்பார். ஆறும் உணரப்பட்டாலும், நீரிழிவு உடையவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் காலைக் காட்டிவருதல் வேண்டும்.